போர்த்துகீசிய வீட்டில் தங்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு

மொழி பயில்வதற்காகப் போர்ச்சுகலிலோ பிரேசிலிலோ ஒரு குடும்பத்துடன் தங்கச் செல்பவர்கள், முதல் வாரத்தில் இலக்கணத்தைவிட வீட்டுப் பொருள்களின் பெயர்களைக் கற்பதே நல்லது. தமிழருக்கு இதில் ஒரு பெரும் வசதி உண்டு: சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகிய சொற்கள் போர்த்துகீசியத்திலிருந்து நமக்கு வந்தவை என்பதால், அங்கே 'ஷாவி', 'ஜனேலா', 'மேசா', 'அர்மாரியு' என்று கேட்கும்போது உடனே புரிந்துவிடும்.

நன்றி சொல்லும்போது ஆண் 'ஒப்ரிகாது' என்றும், பெண் 'ஒப்ரிகாதா' என்றும் சொல்ல வேண்டும். கேட்பவரைப் பொறுத்து அல்ல, சொல்பவரைப் பொறுத்தே இது மாறும். வீட்டுப் பெரியவர்களை, அவர்களே வேறு விதமாக அழைக்கச் சொல்லும்வரை, 'சென்யோர்', 'சென்யோரா' என மரியாதையாக விளிப்பதே பொருத்தம். நம் 'நீங்கள்' போன்ற இடம் அதற்கு உண்டு.

செல்லும் நாட்டின் உச்சரிப்பைப் புறப்படுமுன்பே கேட்டுப் பழகுங்கள். காலை வணக்கம் போர்ச்சுகலில் 'போம் தீயா'. பிரேசிலின் பெரும்பகுதியில் 'போம் ஜீயா'. போர்ச்சுகல்காரர்கள் அழுத்தம் பெறாத உயிரெழுத்துகளை ஏறக்குறைய விழுங்கிவிடுவார்கள் என்பதால், பாடநூலை மட்டும் படித்துச் சென்றவருக்குத் தொடக்கத்தில் ஒன்றும் விளங்காமல் போகலாம். அதற்காகத் தயவுசெய்து மனம் தளர்ந்து ஆங்கிலத்துக்கு மாறிவிடாதீர்கள். பொருளைச் சுட்டி, 'இதை எப்படிச் சொல்வது?' என்ற பொருளில் 'கோமு சி தீஷ்?' என்று கேளுங்கள்; பிரேசிலில் அதுவே பெரும்பாலும் 'கோமு சி ஜீஸ்?' என ஒலிக்கும்.