பத்தீரைப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் போகும் வழியில் இறங்குங்கள்

பெத்லகேமுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி, மலைச்சரிவில் இருக்கும் பாலஸ்தீன ஊர் பத்தீர். நாலாயிரம், ஐயாயிரம் பேர் வாழ்கிற இடம், அவ்வளவுதான். இங்கே வருகிறவர்களில் பலர் மேலே சாலையோரம் நின்று, பள்ளத்தாக்கையும் படிப்படியாக இறங்கும் வயல்களையும் நாலு படம் எடுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் பெத்லகேம் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஊற்றில் ஆரம்பித்து தொட்டி, வாய்க்கால், தோட்டம், கடைசியில் ரயில் பாதை என்று தண்ணீர் இறங்குகிற வரிசையிலேயே நீங்களும் இறங்கினால்தான் இந்த ஊர் பிடிபடும்.

முதலில் போய்ச் சேரும் வழி. பத்தீர் இருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையின் எல்லைகள் எல்லாம் இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் இருப்பதால், விமானத்தில் டெல் அவீவ் வந்தாலும் ஜோர்டானிலிருந்து அலன்பி பாலம் வழியாக வந்தாலும் இஸ்ரேலிய அனுமதி இல்லாமல் உள்ளே வர முடியாது. கிழக்கு ஜெருசலேமில் டமாஸ்கஸ் வாசல் பக்கத்திலிருந்து பெத்லகேம் பக்கம் போகும் அரபுப் பேருந்துகள் கிடைக்கும். பெத்லகேமிலிருந்து 'செர்வீஸ்' என்று அவர்கள் சொல்லும் ஷேர் டாக்ஸியில் ஏறி 'பத்தீர்' என்றால் போதும். ஆனால் சோதனைச் சாவடியும் சாலையில் போட்டிருக்கும் இரும்புக் கேட்டும் இன்று திறந்திருக்கும், நாளை மூடியிருக்கும், அதனால் கிளம்புகிற அன்று காலையில் தங்குமிடத்துக்காரரிடமோ டிரைவரிடமோ கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், முந்தைய வாரம் போய்வந்தவர் சொன்னதை நம்பிப் போகக் கூடாது.

கால் நன்றாக இருந்தால் பெய்த் ஜாலாவிலிருந்து மக்ரூர் பள்ளத்தாக்கு வழியாக நடந்தே வாருங்கள், என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த வழி. ஆலிவ் மரங்களுக்கு நடுவே, கல்லடுக்கிக் கட்டிய பழைய காவல் கொட்டில்களைப் பார்த்துக்கொண்டே வரலாம். அறுவடைக் காலத்தில் குடும்பங்கள் அவற்றில் தங்கி விளைச்சலைக் காத்தார்கள். வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் நில அபகரிப்பும் இஸ்ரேலியர்களின் புதிய குடியேற்றங்களும் நடக்கிற இடம், எந்தத் திருப்பத்தில் போகலாம், எதில் போகக் கூடாது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

எப்போது வரலாம்? பிப்ரவரியில் பாதாம் பூத்திருக்கும், மலை பச்சையாக இருக்கும். அக்டோபர், நவம்பரில் ஆலிவ் பறிப்பு நடக்கும், ஊரே மரத்தடியில் இருக்கும். கோடையில் கத்தரிக்காய், ஆனால் வெயில் கடுமை. மழை பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான், கோடை மாதங்களில் வானத்திலிருந்து ஒரு சொட்டும் எதிர்பார்க்க முடியாது. இந்தக் கணக்கு மனதில் இருந்தால்தான் ஊற்றின் அருமை தெரியும்.

சரி, ஊற்றுக்கு வருவோம். ஊருக்குள் வந்ததும் 'அய்ன் அல்-பலத்' எங்கே என்று கேளுங்கள், சின்னப் பையன்கூட வழி காட்டுவான். இங்கே மலை சுண்ணாம்புப் பாறை. குளிர்காலத்து மழையை அது உள்ளே வாங்கிக்கொள்ளும், கீழே களிமண் கலந்த அடுக்கு வந்ததும் தண்ணீர் அதற்கு மேல் இறங்க முடியாமல் பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். ஊர் அமைந்த இடத்தையே தீர்மானித்தது இதுதான், வீடுகள் ஊற்றைச் சுற்றி, ஊற்றுக்குக் கீழே தோட்டங்கள்.

ஊற்று நீர் ரோமானியர் காலத்துக் கல் தொட்டியில் வந்து தேங்குகிறது. இங்கே அவசரப்படாமல் நில்லுங்கள். இந்த ஊரில் எட்டு பெரிய குடும்பங்கள், ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அதனால் பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்று சொல்வார்கள். இரவில் நிறைந்த தொட்டியில் காலையில் ஒரு கோலை விட்டு ஆழம் அளந்து, அன்றைக்கு முறை உள்ள குடும்பத்துக்குள்ளே அந்தத் தண்ணீரைப் பங்கு போடுவது வழக்கம். மோட்டாரும் இல்லை, மீட்டரும் இல்லை. மடையைத் திறந்தால் தண்ணீர் சரிவில் தானாக ஓடி, யார் பாத்திக்குப் போக வேண்டுமோ அங்கே திருப்பி விடப்படுகிறது. அதிகாலையில் போனால் யாராவது கல்லையும் துணியையும் வைத்து ஒரு வாயை அடைத்து இன்னொன்றைத் திறப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. வாய்க்காலில் காலை நனைக்காதீர்கள், அது இன்னொருவரின் பங்கு.

அப்புறம் தோட்டத்துக்குள் இறங்கி, படிப்படியான வயல்களைத் தாங்கும் ஏதாவது ஒரு சுவரின் பக்கத்தில் போய்க் குனிந்து பாருங்கள். சாந்து எதுவும் பூசியிருக்காது. வெளிப்பக்கம் பெரிய கல், முதுகுப் பக்கம் சிறு கல்லும் சல்லியும். மழைநீர் மண்ணோடு தேங்கிச் சுவரைத் தள்ளாமல், இந்த இடுக்குகள் வழியாகக் கசிந்து வெளியேறும், மண் மட்டும் உள்ளே நின்றுவிடும். சிமெண்ட் வைத்து அடைத்தால் தண்ணீர் போக வழி தேடித் தள்ள ஆரம்பிக்கும். ஆனால் இந்தச் சுவருக்கு ஆள் வேண்டும். சரிந்த கல்லை எடுத்து வைக்க ஆள் வராவிட்டால், அடுத்த மழையில் பக்கத்துக் கல்லும் போகும், மண்ணும் போகும், சில வருடங்களில் வெறும் சரிவுதான் மிஞ்சும். விவசாயியை வயலுக்கு வர விடாமல் செய்தாலே போதும், வேறு எதையும் இடிக்க வேண்டியதில்லை.

இதனால்தான் மேற்குக் கரையைப் பிரிக்கும் பிரிவினைச் சுவரை இஸ்ரேல் இந்தப் பள்ளத்தாக்கில் கட்டத் திட்டமிட்டபோது ஊர்க்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2014-ல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, அதே கூட்டத்தில் ஆபத்தில் உள்ளவை பட்டியலிலும் சேர்த்தது. இஸ்ரேலின் இயற்கை, பூங்கா ஆணையமே சுவர் வேண்டாம் என்றது. 2015 ஜனவரியில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தி வைத்தது. ஆனால் 2024-ல் பத்தீரைச் சுற்றியுள்ள பாரம்பரிய நிலத்திலேயே நஹால் ஹெலெட்ஸ் என்ற குடியேற்றத்துக்கு இஸ்ரேல் அரசு ஒப்புதல் கொடுத்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆலிவ் மரத்தடியில் படம் எடுத்துக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பள்ளத்தாக்கின் அடியில் தெரிவது யாஃபா-ஜெருசலேம் ரயில் பாதை, 1892-ல் ஒட்டோமான் காலத்தில் திறந்தது. பத்தீருக்கு அப்போது நிலையம் இருந்தது, காய்கறி ரயிலேறி ஜெருசலேம் சந்தைக்குப் போனது. 1948 அரபு-இஸ்ரேல் போரில் பெரும்பாலானவர்கள் ஓடிவிட, ஊர்க்காரர் ஹஸன் முஸ்தஃபாவும் அவரோடு நின்ற சிலரும் காலி வீடுகளில் விளக்கேற்றி, கொடியில் துணி காயப்போட்டு, ஊரில் ஆள் இருப்பதுபோல் காட்டினார்கள். ஊர் தப்பியது. 1949 போர்நிறுத்த ஒப்பந்தத்தில் பாதை இஸ்ரேலிடம் போனது. ரயிலுக்கு எந்தச் சேதமும் செய்ய மாட்டோம் என்ற உறுதியின் பேரில், போர்நிறுத்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம், இஸ்ரேல் பகுதியில் உள்ள தங்கள் நிலங்களில் தொடர்ந்து பயிர் செய்யும் உரிமை பத்தீர்க்காரர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் தண்டவாளத்தைக் கடந்து வயலுக்குப் போவதைப் பார்த்துவிட்டு நீங்களும் கடக்காதீர்கள். அந்த உரிமை அவர்களுடையது, உங்களால் அவர்களுக்குச் சிக்கல் வரக் கூடாது. ராணுவத்தினரைப் படம் எடுப்பதும் வேண்டாம்.

திரும்ப ஏறும்போது நேரம் இருந்தால் கிர்பத் அல்-யஹூத் இடிபாடுகளையும் பார்த்துவிடுங்கள். கி.பி. 135-ல் ரோமுக்கு எதிரான யூதர்களின் பார் கோக்பா கிளர்ச்சி முடிந்த பேத்தார் கோட்டை இதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு.

சாப்பாட்டுக்கு, கோடையில் வந்தால் பத்தீர்க் கத்தரிக்காயை விடவே கூடாது. ஒல்லியாக, நீளமாக இருக்கும், குடைந்து அரிசியும் இறைச்சியும் அடைத்து வேகவைப்பார்கள். யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டால் உட்காருங்கள், அவசரம் என்று சொல்லித் தட்டிக்கழிப்பது நன்றாக இருக்காது. மக்கா போய்வந்த பெரியவரானால் 'ஹாஜ்' என்றும், பெண்மணியானால் 'ஹாஜ்ஜா' என்றும் அழைப்பது மரியாதை. தோள், முழங்கால் மூடிய உடை போடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம், கடை திறந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எண்ணெயோ காயோ வாங்குவதென்றால் பெத்லகேம் கடையில் வாங்காமல் விளைவித்தவரிடமே வாங்குங்கள், விலையில் ரொம்ப இழுக்காதீர்கள். இருட்டுவதற்கு முன்பே செர்வீஸ் பிடித்துவிடுங்கள், மாலைக்கு மேல் வண்டி கிடைப்பது கஷ்டம்.