எல்லையோரத்துக் கொலைக்கதையை எழுதும் முறை

துப்பறியும் நாவல் எழுத அமர்பவர், முதல் அத்தியாயத்தைத் தொடுவதற்கு முன்பே, கொலை உண்மையில் எப்படி நடந்தது என்பதைக் கொலையாளியின் பக்கமிருந்து, நேரக் குறிப்புகளோடு, நான்கைந்து பக்கங்களில் தமக்காக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வாசகர் ஒருபோதும் பார்க்காத அந்தப் பக்கங்களிலிருந்து எதை எப்போது வெளியே விடுவது என்று முடிவெடுப்பதே பிறகு வரும் வேலை முழுவதும்.

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று நீளும் எங்கள் மலைப்பாதையைக் களமாகக் கொள்பவர்களுக்குப் பெரும் வசதி ஒன்று உண்டு. தமிழ்நாடு-கேரள எல்லையான கோட்டைவாசலைத் தாண்டியதும் காவல்துறை மாறுகிறது, நீதிமன்றம் மாறுகிறது, மழையின் கனம்கூட மாறுகிறது. இவற்றை வருணனையில் செலவழித்துவிடாமல் கதையின் முடிச்சுக்குள் கொண்டுவர வேண்டும்.

தடயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது; கேரளத்தில் அரசே சீட்டு விற்கிறது. செங்கோட்டை வயலில் கிடந்த உடலின் சட்டைப்பையில் கேரள லாட்டரிச் சீட்டு இருந்தால், இறந்தவர் மலையேறிப் போய்வந்தார் என்று ஆய்வாளர் முடிவுகட்டுவார், வாசகரும் நம்புவார். ஆனால் அதே சீட்டு இந்தப் பக்கமும் திருட்டுத்தனமாகக் கைமாறுவது ஊரறிந்த செய்தி என்பதால், அவர் ஊரைவிட்டே நகராமலும் இருந்திருக்கலாம். நல்ல தடயம் இப்படி இரண்டு பொருள் தர வேண்டும். இரண்டும் நியாயமாகப் பொருந்த வேண்டும். பீடிக்கட்டு, சில்லறை, லாட்டரிச் சீட்டு, மருந்துச் சீட்டு என்ற வரிசையின் நடுவில் அதைச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே இறந்தவரின் மனைவியை அங்கே வரவழைத்தால் வாசகரின் கவனம் அவர் பக்கம் போய்விடும். தடயத்தை மறைத்து வைத்துக் கடைசி அத்தியாயத்தில் மட்டும் வெளியிடுவது வாசகருக்குச் செய்யும் துரோகம் என்றே நான் கருதுகிறேன்.

சாட்சிகளை அவரவர் வேலை நேரத்திலிருந்து உருவாக்க வேண்டும். ரப்பர் பால் வெட்டுபவர்கள் விடியலுக்கு முன்பே நெற்றி விளக்கோடு தோட்டத்தில் இருப்பார்கள். மழை கொட்டும் நாளிலோ, வெட்டுமிடம் நனையாமல் காக்கும் மழைக்காப்பு ஒட்டாத மரங்களில் வெட்டு நடக்காது. அடைமழை பெய்த ஒரு ஜூலை அதிகாலையில் தாம் பால் வெட்டிக்கொண்டிருந்ததாக ஆரியங்காவுக்காரர் ஒருவர் சொன்னால், மெல்லிய சாரல் மட்டுமே விழுந்த செங்கோட்டையிலிருந்து வந்து விசாரிக்கும் அதிகாரிக்கு அந்தப் பொய் உடனே பிடிபடாது.

சட்டத்தில் தவறினால் கதை முழுவதும் தளர்ந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஆகவே, "இது எங்க எல்லை இல்லை" என்று ஏட்டையா திருப்பி அனுப்பும் காட்சியை இன்றைய கதையில் வைத்தால், அது விதிமீறல் என்பதும் கதைக்குள் தெரிய வேண்டும். காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிரான சான்றாகாது. காவலில் இருப்பவர் தந்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு நேரடித் தொடர்புள்ள பகுதி மட்டும் சான்றாகும். எனவே கொலையாளி கதறி ஒப்புக்கொள்வதோடு நிறுத்தாமல், தோட்டத்துக் கிணற்றிலிருந்து கத்தி எடுக்கப்படும் வரை கதையைக் கொண்டுபோக வேண்டும். நீதிமன்ற விசாரணைகள் பொதுவாகத் திறந்த மன்றத்தில் நடப்பவை. செங்கோட்டையிலும் கேரளப் பக்கத்துப் புனலூரிலும் சில முற்பகல்கள் அமர்ந்து கேட்பது எழுத்தாளருக்குப் பெரிய படிப்பு.

காலத்தையும் சரிபார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்தது; பழைய நிலத்தகராறு கொலைக்குக் காரணமானால் பத்திரம் எந்த ஆட்சிக்குரியது என்பது முக்கியம். 2014-இல் நடக்கும் கதையில் புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே ரயில் ஓடக்கூடாது, ஏனெனில் அப்போது அகலப்பாதைப் பணி நடந்துகொண்டிருந்தது.

எழுதி முடித்தபின் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒருவரிடமும் அந்தப் பக்கம் ஒருவரிடமும் கையெழுத்துப் படியைக் கொடுத்து, கொலையாளி மீது எத்தனையாவது பக்கத்தில் சந்தேகம் வந்தது என்று மட்டும் கேளுங்கள். இருவருக்கும் தொடக்கத்திலேயே வந்திருந்தால் தடயத்தை நீக்காதீர்கள். அதைக் கூட்டம் நிறைந்த வேறொரு காட்சிக்கு மாற்றி, அந்த அத்தியாயத்தை மறுபடியும் எழுதுங்கள்.