தேடுபெட்டி அமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு நூலகத்துக்கோ பத்திரிகைக்கோ தேடல் பக்கம் அமைப்பவர்கள், பெட்டியின் நிறத்துக்கும் பொத்தானின் இடத்துக்கும் கொடுக்கும் கவனத்தைப் பாவனையாளர் அதில் எந்தச் சொல்லை எழுதுவார் என்பதற்குக் கொடுப்பதில்லை. ஆவணத்தில் உள்ள சொல்லே தேடுபவரின் மனத்திலும் இருக்கும் என்று எண்ணுவதுதான் பெரிய தவறு. வல்வெட்டித்துறையை வல்வை என்று தேடுவார்கள். நாம் இன்ரர்நெற் என்று எழுதுவதைத் தமிழ்நாட்டவர் இன்டர்நெட் என்று எழுதுவார்கள். ஒரே பொருள் தரும் சொற்களையும் எழுத்து வேறுபாடுகளையும் இணைத்துக் காட்டும் இணைச்சொற் பட்டியல் இல்லாத தேடலில் இவையெல்லாம் வெறுங்கையுடன் திரும்பும்.

இலக்கணமும் இடறும். 'நூலகம்' என்று தேடுபவருக்கு 'நூலகத்தில்' என்ற சொல் உள்ள பக்கம் கிடைப்பதில்லை. வேற்றுமை உருபு சேரும்போது மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வருவதால், சொல்லின் தொடக்கத்தை வைத்துப் பொருத்தினாலும் பயனில்லை. இதைவிட நுட்பமானது எழுத்துக்குறியீடு. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோட்டில் 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை வேறு. இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் இயல்பாக்கம் செய்தால் இது தீரும். ஆனால் 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டுபவர்களுக்கு அந்த இயல்பாக்கம் உதவாது. அதற்குத் தனிவிதி எழுத வேண்டும். தமிழ்த் தளங்களில் நான் முதலில் சோதித்துப் பார்ப்பது இதைத்தான்.

தேடல் ஒரே கேள்வியில் முடிந்துவிடும் என்று நினைப்பது இன்னொரு தவறு. காட்டில் பழம் பொறுக்குவதுபோல, கிடைத்த ஒவ்வொன்றும் கேள்வியையே மாற்றிவிடுகிறது என்று அமெரிக்கத் தகவல் அறிவியலாளர் மார்சியா பேட்ஸ் 1989இல் விளக்கினார். 'பழைய பத்திரிகை' என்று தொடங்கும் மாணவர் உதயதாரகையின் பெயரைக் காண்கிறார். பிறகு அது தொடங்கிய 1841ஐத் தேடுகிறார். அதன்பின் அதை வெளியிட்ட அமெரிக்க மிசனைத் தேடப் போகிறார். விடை வந்ததும் பெட்டியை வெறுமையாக்கும் பக்கம் அவரை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தட்டச்சிட வைக்கிறது. எழுதிய சொல்லை அப்படியே விட்டுவைத்தால் ஒரு சொல்லை மாற்றுவதோடு வேலை முடியும்.

தலைப்பை மட்டும் காட்டுவதும் போதாது. தேடிய சொல் வரும் வரியையும் சேர்த்துக் காட்ட வேண்டும். 'முடிவுகள் இல்லை' என்று மட்டும் எழுதி நிறுத்துவதைவிட நெருங்கிய எழுத்துக்கூட்டல்களைக் காட்டலாம். விடை கிடைக்காத தேடல்களைப் பதிவுசெய்து வாரந்தோறும் வாசித்தால், இணைச்சொற் பட்டியலில் அடுத்து எதைச் சேர்ப்பது என்பது அங்கேயே தெரியும்.