கேட்வே ஆர்ச் மாதிரி: சங்கிலியைத் தொங்கவிட்டு வளைவைப் பிடிக்கும் முறை

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் நிற்கும் கேட்வே ஆர்ச் என்ற எஃகு வளைவின் உயரம் 630 அடி. கால்களின் வெளிப்பக்கத்தில் அளந்தால் அகலமும் அதே 630 அடி. பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். மேலே போகப் போக மெலிவதால் உயரம்தான் அதிகம் என்று கண் சொல்லும். படத்தைப் பார்த்து மாதிரி செய்கிறவர்கள் அகலத்தில் கோட்டை விடுவது இதனால்தான். படத்தை மூடி வைத்துவிட்டு அளவுகோலை எடுங்கள்.

500இல் ஒரு பங்கு அளவு வீட்டு மேசைக்குச் சரியாக இருக்கும்: உயரம், அகலம் இரண்டும் 38.4 செ.மீ.

சுவரில் வெள்ளைத்தாள் ஒட்டி, ஒரே மட்டத்தில் 36.5 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணி அடியுங்கள். சிறு கண்ணிகள் கொண்ட சங்கிலி 95 செ.மீ. வாங்கினால் போதும். நூல் உதவாது, எடை இல்லாமல் முறுக்கேறிக் கோணும். சங்கிலியின் அடிப்புள்ளி ஆணி மட்டத்திலிருந்து 38.1 செ.மீ. கீழே நிற்கட்டும். காலின் குறுக்குவெட்டு முக்கோணம். அதன் மையம் வழியே போகும் கோடு இது. அதனால்தான் 38.4 இல்லை.

இப்போது பாதி உயரத்தில் அகலத்தை அளந்தால் 28.4 செ.மீ. வரும். வேண்டியதோ 29.2. இந்த 8 மி.மீ.யை விட்டுவிட்டால் உச்சி கூராகிவிடும். சங்கிலியின் எடை எங்கும் ஒன்று. நிஜ வளைவில் கால் கனம், உச்சி லேசு. வடிவமைத்த ஈரோ சாரினென் விரும்பியதும் கூர்மை குறைந்த உச்சியைத்தான். தூண்டிலுக்குப் போடும் சின்ன ஈயக் குண்டுகளை ஆணிப் பக்கம் நெருக்கமாகவும் கீழே வர வர இடைவெளி விட்டும் கோத்து, நீளத்தைச் சரிசெய்து மறுபடி அளங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

பென்சிலால் கோடிட்டுத் தாளைத் தலைகீழாக்குங்கள். சங்கிலியில் இழுவிசை மட்டுமே இருந்தது. கவிழ்த்ததும் அதுவே அழுத்தமாகிறது. சுயஎடையால் வளைவு எங்கும் மடங்கப் பார்க்காது. உள்ளே எலும்புக்கூடு இல்லாமல், வெளியே எவர்சில்வர் தகடும் உள்ளே சாதாரண எஃகுத் தகடுமாக நிஜ வளைவு நிற்கும் சூட்சுமம் இதுதான். 300 அடி உயரம் வரை இரு தகடுகளுக்கும் நடுவே கான்கிரீட் நிரப்பியிருக்கிறார்கள்.

ஒரு மீட்டர் அலுமினியக் கம்பியைக் கோட்டின்மேல் வைத்து வளையுங்கள். 3 செ.மீ.க்கு ஒன்றாக, நடுவில் துளையிட்ட சமபக்க முக்கோண அட்டைகளைக் கோத்து ஒட்டுங்கள். பக்க அளவு அடியில் 33 மி.மீ., பாதி உயரத்தில் 24, உச்சியில் 10. தட்டைப் பக்கம் வெளியே, முனை உள்ளே. ஒவ்வோர் அட்டையும் கம்பிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். தரைக்கு இணையாக வைத்தால் உச்சிக்கு அருகில் வளைவு நசுங்கிப்போகும். மேலே வெள்ளித்தாள் போர்த்தத் தண்ணீர்ப் பசை வேண்டாம், சுருங்கும்.

தாளை இரு கால்களிலும் அடியிலிருந்து ஒட்டிவந்து உச்சித் துண்டைக் கடைசியாக வையுங்கள். நிஜத்திலும் அப்படித்தான். 1965 அக்டோபர் 28 அன்று கடைசித் துண்டைப் பொருத்தும்போது வெயிலில் தெற்குக் கால் நீண்டுவிடாமல் தீயணைப்புக் குழாயால் நனைத்தார்கள். ஜாக்கி வைத்து இடைவெளியை அகட்டினார்கள்.

அடித்தளம் 60 அடி ஆழம். நம் அளவில் அது 3.7 செ.மீ.; இரு முனையிலும் அந்த நீளக் கம்பியைக் கட்டைக்குள் இறக்குங்கள். கால்கள் வடக்கும் தெற்குமாக, கிழக்கே ஆறு. 1803இல் லூசியானா நிலத்தைப் பிரான்சிடமிருந்து அமெரிக்கா வாங்கியபின் மேற்கே குடியேறப் போனவர்களுக்கான வாசல் என்பதே இதன் பொருள். அந்த மேற்கில் பூர்வகுடிகள் முன்பே வாழ்ந்துவந்தார்கள். வளைவுக்கு மேற்கே பழைய நீதிமன்றத்தையும் அட்டையில் வெட்டி வையுங்கள். அடிமையாயிருந்த டிரெட் ஸ்காட் 1846இல் விடுதலை கேட்டு வழக்குப் போட்ட இடம். ஆற்றுப் பக்கமிருந்து குனிந்து பாருங்கள்: அதன் குவிமாடம் வளைவின் நடுவே தெரிய வேண்டும். விலகினால் நீதிமன்றத்தை நகர்த்துங்கள்.