சோளக் கன்றின் சொந்த நஞ்சுக்குத் துணை நிற்பது எப்படி

மானாப் புல்லைக் கசக்கினால் எழும் வாசம், பூச்சிக்கு எதிராகப் புல் தானே செய்துகொண்ட மருந்து. சோளத்திடம், அதாவது மக்காச்சோளத்திடம், இருப்பது வேறு ரகம். டிம்போவா என்ற நஞ்சு சர்க்கரையோடு பிணைந்து, தீங்கில்லாத வடிவில் இலைக் கலத்தின் ஒரு பகுதியில் கிடக்கும். அதைப் பிரிக்கும் நொதி இன்னொரு பகுதியில் இருக்கும். புழு கடித்ததும் இரண்டும் கலந்து நஞ்சு வெளிப்படும். இளங்கன்றில்தான் இது அதிகம், வளர வளரக் குறையும். அழுக்கணவன் போன்ற பூச்சிகளை இது நன்றாகவே தடுக்கிறது.

2018 இல் இலங்கையில் பரவிய சேனாப் படைப்புழுவிடம் மட்டும் இது எடுபடாது. அந்தப் புழு தன் குடலில் நஞ்சோடு திரும்பவும் சர்க்கரையை ஒட்டிவிடும், அதுவும் செடியின் நொதியால் பிரிக்க முடியாத திசையில். பதுளை, பசறை, வெலிமடைப் பக்கம் சோளம் போடுகிறவர்கள் செடியை மட்டும் நம்பியிருக்க முடியாதது இதனால்தான்.

முளைத்ததிலிருந்து வாரம் இரண்டு தடவை, காலையில், ஒவ்வொரு கன்றாகப் பாருங்கள். இலையைப் புரட்டினால் சாம்பல் நிறப் பஞ்சு மூடிய முட்டைக் கொத்து இருக்கலாம். ஒரு கொத்தில் 100 முதல் 200 முட்டை. விரலால் அங்கேயே நசுக்கிவிடுங்கள். வெப்பமான இடத்தில் இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும், நுவரெலியாக் குளிரில் கொஞ்சம் தாமதமாகும். இலையில் கண்ணாடி போன்ற வெள்ளைத் திட்டு தெரிந்தால் குஞ்சுப் புழு வந்துவிட்டது. வேப்பங்கொட்டைத் தூள் 50 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, சில துளி சவர்க்காரக் கரைசல் சேர்த்து, மாலையில் குருத்துக்குள் விழும்படி தெளியுங்கள். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் போய்விடும். மழை கழுவிவிட்டால் மறுபடி தெளிக்க வேண்டும்.

குருத்தில் மரத்தூள் போல எச்சம் அடைத்திருந்தால் உள்ளே பெரிய புழு. எச்சம் மூடியிருப்பதால் மருந்து அதன்மேல் படாது. ஈர்க்கால் கிளறி எடுங்கள். ஒன்றையொன்று தின்பதால் ஒரு குருத்தில் பெரும்பாலும் ஒரு புழுதான் மிஞ்சும். தலையில் தலைகீழ் 'ஒய்' வடிவக் கோடும், வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளியும் தெரிந்தால் சேனாதான்.

சோளத்தின் இரண்டாவது ஆயுதத்தை நாம் கெடுத்துவிடக் கூடாது. புழுவின் எச்சில் காயத்தில் பட்டதும் செடி ஒரு வாசத்தை விடும், அதை முகர்ந்து, புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகள் தேடிவரும். எச்சிலில் உள்ள வொலிசிட்டின் என்ற பொருள்தான் அதைத் தூண்டுகிறது என்று 1997 இல் கண்டறிந்தார்கள். கத்தரிக்கோலால் இலையை வெட்டினால் அந்த அளவுக்கு வாசம் வராது. கண்டதுக்கெல்லாம் கடும் மருந்து அடித்தால் வருகிற குளவியும் சேர்ந்து செத்துவிடும். இலையில் நெல்மணி அளவு வெள்ளைக் கூடு கண்டால் தொடாதீர்கள், அது குளவியின் கூடாக இருக்கும். வரப்பில் கொத்தமல்லியைப் பூக்க விட்டால் குளவிக்குத் தேன் கிடைக்கும்.

மாடு வளர்க்கிறவர்களுக்கு ஒன்று: கலைத்தெடுத்த சோளக் கன்றைப் போடுவது போல இறுங்கு என்ற சிறுதானியப் பயிரின் இளங்கன்றைப் போடாதீர்கள். அதன் நஞ்சு டுரின், மெல்லும்போது சயனைட்டை விடும். முழங்கால் உயரத்துக்கும் குறைந்த இறுங்கும், வறட்சிக்குப் பின் துளிர்த்த இறுங்கும் மாட்டைக் கொன்றுவிடும்.