கோப்பு பழுதில்லை, டிக் தான் இல்லை

பழைய மடிக்கணினியிலிருந்து உபுண்டு (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) ஓடும் மெய்நிகர் கணினியின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வட்டுக் கோப்பை மட்டும் நகலெடுத்து, புதியதில் விர்ச்சுவல்பாக்ஸில் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) புதிதாக ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி இணைத்தேன். ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் மீடியம் ஃபவுண்ட்', அதாவது தொடங்குவதற்கான வட்டு எதுவும் கிடைக்கவில்லையாம். கோப்பு கெட்டுவிட்டதோ என்று வயிற்றைக் கலக்கியது. மறுபடி நகலெடுத்தேன், எதிலிருந்து முதலில் தொடங்குவது என்ற பூட் வரிசையை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் உபுண்டு ஐ.எஸ்.ஓ.வை (நிறுவல் வட்டின் கோப்பு வடிவம்) செருகி, நிறுவாமலேயே லைவாக ஏற்றி, டெர்மினலில் வட்டின் பிரிவுகளை (பார்ட்டிஷன்) பட்டியலிடும் 'சுடோ எஃப்டிஸ்க் -எல்' கட்டளையை அடித்தேன். பார்ட்டிஷன்கள் பத்திரமாக இருந்தன. முதல் வரியிலேயே 'இ.எஃப்.ஐ. சிஸ்டம்', 512 எம்.பி. அட, இது யு.இ.எஃப்.ஐ. (கணினியைத் தொடங்கிவைக்கும் புதிய முறை, சுருக்கமாக இ.எஃப்.ஐ.) முறையில் நிறுவியது! புதிதாக உருவாக்கிய மெய்நிகர் கணினியோ பழைய பயாஸ் முறையில் வட்டைத் தேடிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு, செட்டிங்ஸில் சிஸ்டம், மதர்போர்டு போய் 'எனேபிள் இ.எஃப்.ஐ.'யில் டிக் போட்டேன். ஐ.எஸ்.ஓ.வையும் கழற்றினேன். அடுத்த முறை நேராக லாகின் திரை. ஒரு டிக்குக்காக மூன்று மணி நேரம்!