சாந்தோரினித் தீவில் தனி வண்டியில் ஊர் பார்த்தலும் ஒயின் சுவைத்தலும்: முதன்முறை செல்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவுக்கு நான் இருமுறை சென்றிருக்கிறேன். முதல் முறை, ஒரு பகல் மட்டும் நங்கூரமிடும் பயணக் கப்பலில் வந்து, முன்பதிவு செய்திருந்த தனி வண்டியைத் தேடியே ஒன்றரை மணி நேரத்தை இழந்தேன். இரண்டாம் முறை தீவிலேயே நான்கு இரவுகள் தங்கி, அதே சுற்றுலாவை எனக்கு வேண்டிய வரிசையில் அமைத்துக்கொண்டேன். அந்த இரண்டு பயணங்களிலும் கற்றதை வைத்து இதை எழுதுகிறேன். விசா, விமானச் சீட்டு, தங்குமிடம் ஆகியவற்றை நீங்களே முடித்துவிடுவீர்கள் என்பதால் அவற்றுக்குள் போகவில்லை.

படி 1: நாளைத் தேர்ந்தெடுத்தல்

மே மாதமும் செப்டம்பர் பிற்பகுதியும் என் விருப்பம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயிலும் கூட்டமும் மிகுதி. ‘மெல்தேமி’ எனப்படும் வடகாற்றும் பலமாக வீசும். திராட்சை அறுவடையைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் மட்டும் ஆகஸ்ட் மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். குளிர்காலத்தில் பல ஒயின் ஆலைகள் பார்வையாளர் நேரத்தைக் குறைத்துக்கொள்கின்றன அல்லது மூடிவிடுகின்றன.

மாதத்தைவிட நாள் முக்கியம். எந்த நாளில் எத்தனை பயணக் கப்பல்கள் வருகின்றன என்ற அட்டவணை இணையத்தில் முன்கூட்டியே கிடைக்கும். கப்பல்கள் குறைவாக வரும் நாளைப் பார்த்து வண்டியைப் பதிவு செய்யுங்கள். நீங்கள் நடக்கப்போகும் தெருக்கள் மிகக் குறுகியவை என்பதால் அந்த வேறுபாடு நாள் முழுவதும் தெரியும்.

படி 2: ‘தனிச் சுற்றுலா’ என்பதன் பொருளை உறுதி செய்தல்

விளம்பரங்களில் இந்தச் சொல் மூன்று வகையான சேவைகளைக் குறிக்கிறது. ஓட்டுநர் உங்களை இடத்துக்கு இடம் கொண்டுபோய் விடுவது ஒன்று. ஓட்டுநரே வழியில் ஊரைப் பற்றி விளக்குவது மற்றொன்று. ஓட்டுநரோடு உரிமம் பெற்ற வழிகாட்டியோ ஒயின் வல்லுநரோ உடன் வருவது மூன்றாவது. கிரேக்கத்தில் தொல்லியல் தளங்களுக்குள் விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. ஆகவே, வழி நெடுக அருமையாகப் பேசிய ஓட்டுநர் அக்ரோதிரி அகழாய்வுத் தளத்தின் வாசலில் நின்றுவிட்டால் அது அவர் குறையன்று. அத்தளத்தை உண்மையாகவே புரிந்துகொள்ள விரும்பினால், உரிமம் பெற்ற வழிகாட்டியை முன்பே கேட்டுப் பெறுங்கள்.

பணம் செலுத்துவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். கட்டணம் வண்டிக்கா, ஆளுக்கா? ஒயின் சுவைக்கும் கட்டணம் அதில் அடங்குமா? தொல்லியல் தளத்தின் நுழைவுச் சீட்டு அடங்குமா? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். மூன்று ஆலைகளுக்குச் செல்பவர்களுக்கு அந்தத் தொகை சிறியதன்று.

வாடகைக் கார் எடுத்து நாமே ஓட்டினால் மலிவு என்று சிலர் சொல்கிறார்கள். ஒயின் சுவைக்கும் நாளில் அதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். கிரேக்கத்தில் ஓட்டுபவரின் ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராமுக்கு மேல் மது இருக்கக் கூடாது. புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் இருசக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கும் வரம்பு 0.2 கிராம்தான். அதோடு, செங்குத்தான பள்ளத்தின் விளிம்பில் வளைந்து செல்லும் சாலைகள் அவை. ஓட்டுபவர் ஒருவர் எதையும் சுவைக்காமல் உடன் வருவதைவிட, ஓட்டுநரோடு வண்டி அமர்த்துவதே எல்லோருக்கும் நல்லது.

படி 3: வண்டி ஏறும் இடத்தைத் துல்லியமாகக் குறித்தல்

நான் தவறிய இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

என் முதல் பதிவில் ‘ஏறும் இடம்: துறைமுகம்’ என்று மட்டும் இருந்தது. சாந்தோரினியில் கப்பல் பயணிகள் இறங்கும் துறைமுகங்கள் இரண்டு. ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகத்திலிருந்தும் மற்ற தீவுகளிலிருந்தும் வரும் ஃபெர்ரிகள் அத்தினியோஸ் துறைமுகத்தில் நிற்கின்றன. அங்கே வளைந்து வளைந்து இறங்கும் சாலை உண்டு. வண்டிகள் கப்பலின் அருகிலேயே வந்து நிற்கும். பெரிய பயணக் கப்பல்களோ கரையில் கட்டப்படுவதில்லை. அவை எரிமலை வெடிப்பால் உண்டாகிக் கடல்நீர் நிறைந்த பெருவாயின் நடுவே நிற்க, சிறு படகுகள் பயணிகளைத் தீவின் தலைநகரான ஃபிரா நகருக்கு நேர் கீழே உள்ள பழைய துறைமுகத்துக்குக் கொண்டுவருகின்றன. அங்கிருந்து மேலே செல்ல மோட்டார் வண்டிச் சாலையே கிடையாது. கேபிள் காரில் ஏறலாம்; இல்லையென்றால் ஏறத்தாழ 590 படிகளை நடந்து ஏற வேண்டும். கழுதைகளும் அதே படிகளில்தான் ஏறுகின்றன. அந்த வெயிலில் அவற்றின் மேல் ஏறிச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் சேர்ந்தவர்களைப் படகுகள் பெரும்பாலும் அத்தினியோஸுக்குக் கொண்டுபோகின்றன, ஏனெனில் பேருந்துகள் அங்குதான் காத்திருக்கின்றன. தனியாக வண்டி அமர்த்தியவர்கள் பழைய துறைமுகத்தில் இறக்கப்படுகிறார்கள். ஒரே கப்பலில் வந்த இருவர் இரு வேறு துறைமுகங்களில் கரை ஏறுவது இப்படித்தான். என் ஓட்டுநர் அத்தினியோஸில் பெயர்ப்பலகையோடு காத்திருந்தார். நானோ கேபிள் கார் வரிசையின் கடைசியில் நின்று, அவர் ஏன் வரவில்லை என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். இருவரும் ‘துறைமுகத்தில்தான் இருக்கிறேன்’ என்றே மீண்டும் மீண்டும் சொன்னோம். இரண்டு துறைமுகங்கள் உண்டு என்பது எனக்குத் தெரியாததால், அந்த உரையாடலில் எனக்கு வெளிச்சமே கிடைக்கவில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பயணக் கப்பலில் வருபவர்கள், ஏறும் இடமாகத் துறைமுகத்தைக் குறிக்காமல், ஃபிராவில் கேபிள் காரின் மேல் நிலையத்தை அடுத்து வண்டி வரக்கூடிய ஓர் இடத்தை ஓட்டுநரிடம் கேட்டு, அதன் வரைபடக் குறியீட்டை வாட்ஸ்அப்பில் பெற்றுக்கொள்ளுங்கள். கப்பல் நங்கூரமிடும் நேரத்துக்கும் சந்திக்கும் நேரத்துக்கும் இடையே ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். படகுக்கு ஒரு வரிசை, கேபிள் காருக்கு ஒரு வரிசை என இரண்டையும் கடக்க வேண்டும். திரும்பும்போதும் கேபிள் காரில் கீழே இறங்க அதே போன்ற வரிசை நிற்கும் என்பதால், கடைசிப் படகுக்குப் போதிய நேரம் முன்பாகவே வண்டி உங்களை ஃபிராவில் விட்டுவிட வேண்டும்.

தீவிலேயே தங்குபவர்களுக்கும் இது பொருந்தும். ஃபிராவிலும், வடமுனையில் சூரிய மறைவுக்குப் புகழ்பெற்ற ஈயா ஊரிலும் குன்றின் முகப்பில் குடைந்த பல விடுதிகளின் வாசல் வரை வண்டி வராது. விடுதிக்காரரிடம் வண்டி நிற்கும் இடம் எது என்று முந்தைய நாளே கேட்டு, ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

படி 4: ஒயின் ஆலைகளைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு போதும், மூன்றைத் தாண்ட வேண்டாம். நான்காவது ஆலையில் நாக்கு எதையும் பிரித்தறிவதில்லை.

இங்குள்ள ஆலைகளை இரண்டு வகையாகப் பார்க்கிறேன். காட்சிக்காகச் செல்லத்தக்கவை ஒரு வகை: விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் சாந்தோ ஒயின்ஸ், அத்தினியோஸுக்கு மேலே பாறை விளிம்பில் 1947ஆம் ஆண்டு கட்டப்பட்ட வெனெட்சானோஸ். மின்சாரம் இல்லாத காலத்தில், மேல்தளத்தில் நசுக்கிய சாறு தானாகவே கீழ்த்தளங்களுக்கு வடியும் வகையில் வெனெட்சானோஸ் கட்டடம் அமைக்கப்பட்டது. அதைப் பார்ப்பதற்காகவே அங்கு செல்லலாம். ஒயினுக்காகவே செல்லத்தக்கவை மற்றொரு வகை: எபிஸ்கோபி கோனியாவில் 1903 முதல் இயங்கும் ஆர்யிரோஸ், மெகலோஹோரியில் உள்ள கவாலாஸ், பிர்கோஸ் பக்கத்து ஹட்சிதாகிஸ், ஈயாவின் சமவெளியில் உள்ள சிகாலாஸ். முதல் வகையில் ஒன்று, இரண்டாம் வகையில் ஒன்று என எடுத்துக்கொள்வதே என் பரிந்துரை. ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து முன்பதிவு தேவை. அதைச் செய்வது வண்டி நிறுவனமா நீங்களா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

படி 5: நாளின் வரிசை

எனக்குப் பொருந்திய வரிசை இது. காலையில் தளம் திறக்கும்போதே அக்ரோதிரி. கி.மு. 1600ஐ ஒட்டிய பெரும் எரிமலை வெடிப்பின் சாம்பலில் புதைந்த நகரம் அது; 1967ஆம் ஆண்டு தொல்லியலாளர் ஸ்பிரிடான் மரினாடோஸ் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். இரண்டு, மூன்று மாடி வீடுகளும், தெருவும், வடிகாலும், தானியச் சாடிகளும் கூரையின் கீழ் அப்படியே நிற்கின்றன. புகழ்பெற்ற சுவரோவியங்கள் அங்கே இல்லை. சில ஃபிராவின் ‘வரலாற்றுக்கு முந்தைய திரா’ அருங்காட்சியகத்திலும் (திரா என்பது தீவின் மற்றொரு பெயர்), சில ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்திலும் உள்ளன. தளத்துக்கு அருகிலுள்ள செங்கடற்கரையை மேட்டிலிருந்து பார்த்தால் போதும். பாறைச் சரிவு ஆபத்து உள்ள இடம் அது.

அடுத்துத் தோட்டம். அக்ரோதிரியைப் பார்த்த பிறகே திராட்சைத் தோட்டத்துக்குச் செல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. நகரத்தைப் புதைத்த அதே சாம்பலும் நுரைக்கல்லும்தான் இங்கே கொடிகள் வேரோடும் மண். ஊர்க்காரர்கள் அதை ‘ஆஸ்பா’ என்கிறார்கள். அதில் களிமண் ஏறத்தாழ இல்லை என்பதால், 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபைலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி இங்கே வாழ முடியவில்லை. மற்ற பெரும்பாலான நாடுகளில் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுப்போட்டு வளர்க்கும்போது, இங்குள்ள கொடிகள் இன்றும் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன. கோடையில் மழை அனேகமாக இல்லை. இரவில் கடலிலிருந்து எழும் ஈரத்தை நுரைக்கல் பிடித்துவைத்துக் கொடிக்குத் தருகிறது. காற்றின் வேகத்துக்குப் பந்தல் தாங்காது என்பதால், கொடியை ஆண்டுதோறும் வட்டமாக முறுக்கித் தரையோடு ஒட்டிய கூடையாகப் பின்னுகிறார்கள். ‘கூலூரா’ எனப்படும் அந்தக் கூடைக்குள் குலைகள் காற்றுக்கும் வெயிலுக்கும் மறைந்து வளர்கின்றன. ஒரு கூடையின் அருகே குனிந்து பாருங்கள். ஆனால் உரியவரின் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் காலடி வைக்காதீர்கள். தரையோடு கிடக்கும் இளந்தளிர்கள் மிதிபட்டுவிடும். விடுதிகளும் வீடுகளும் பெருகப் பெருக இத்தோட்டங்களின் பரப்பு சுருங்கிக்கொண்டே வருவதைக் கண்ணால் காண்பது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

பிறகு முதல் ஆலை, பிர்கோஸ் கிராமத்தில் மதிய உணவு, சிறிது நடை, 567 மீட்டர் உயரமுள்ள புரோஃபிதிஸ் இலியாஸ் மலை, மாலையில் காட்சிக்குரிய ஆலை. ஈயாவை இந்த நாளில் சேர்க்காதீர்கள். சூரியன் மறையும் நேரத்தில் அங்கே வண்டி நிறுத்தவே இடம் கிடைப்பதில்லை. மறுநாள் விடியற்காலையில் சென்றால் தெருக்கள் உங்களுக்கே உரியவை. ஒரே பகல் மட்டும் உள்ள கப்பல் பயணிகள் மலையையும் மாலை ஆலையையும் விட்டுவிடலாம்.

படி 6: சுவைக்கும் முறை

சாந்தோரினியின் முதன்மைத் திராட்சை ‘அசிர்டிகோ’ என்னும் வெள்ளை வகை. கடும் வெயிலிலும் தன் புளிப்பை இழக்காதது இதன் சிறப்பு. முதல் வாயில் எலுமிச்சையும், விழுங்கிய பின் மெல்லிய உப்புத்தன்மையும் தெரியும். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் வைத்த அசிர்டிகோவை முதலில் சுவையுங்கள். அடுத்து ‘நிக்தேரி’ என்னும் வெள்ளை ஒயின். இரவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பறித்த பழத்தை வெப்பம் தாக்காமல் இரவிலேயே பிழிந்ததால் அப்படி அழைத்தார்கள். இது மரப்பீப்பாயில் வைக்கப்படுவதால் கனமானது. பிறகு ‘மவ்ரோட்ரகானோ’ என்னும் சிவப்பு. கடைசியில் ‘வின்சாந்தோ’: பழங்களை வெயிலில் ஒன்று, இரண்டு வாரம் உலர்த்திப் பிழிந்து, ஓக் பீப்பாயில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்த இனிப்பு ஒயின். உலர்திராட்சை, அத்தி, காப்பி ஆகியவற்றின் மணம் அதில் சேர்ந்து வரும். வின்சாந்தோவை முதலில் குடித்துவிட்டால் அதன் பிறகு அசிர்டிகோ வெறும் புளிப்பாகவே தோன்றும். ஆகவே வரிசையை மாற்றாதீர்கள்.

எல்லாவற்றையும் விழுங்க வேண்டியதில்லை. மேசையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கும், இல்லையென்றால் கேளுங்கள். அதில் துப்புவது அங்கே மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. ஒவ்வொரு கோப்பைக்கும் இணையாகத் தண்ணீர் குடியுங்கள்.

பிற்சேர்க்கை 1

சைவ உணவுக்காரர்கள் என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சுவைப்புத் தட்டில் பாலாடைக்கட்டி, ஆலிவ், ரொட்டியோடு உலர்த்திய இறைச்சியும் வரலாம் என்பதால், முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். தீவின் சிறு தக்காளியில் செய்யும் ‘தொமாதோகெஃப்தேதெஸ்’ என்னும் வடை, மஞ்சள் பருப்பை மசித்துச் செய்யும் ‘ஃபாவா’, வெள்ளைக் கத்தரிக்காய் ஆகியவை உணவகங்களில் எளிதாகக் கிடைக்கும். மிகக் கண்டிப்பானவர்கள், ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு அல்லது மீனிலிருந்து எடுத்த பொருள் பயன்பட்டதா என்று ஆலையிலேயே கேட்கலாம். கேட்டால் விளக்கிச் சொல்வார்கள்.

பிற்சேர்க்கை 2

வாங்கிய புட்டிகளைப் பற்றி இன்னொருவர் எழுதியிருந்தார். விமான நிலையச் சோதனையில் அவருடைய வின்சாந்தோவைக் கைப்பையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். ஆலையில் வாங்கும் புட்டி, கைப்பையில் திரவத்துக்கு உள்ள 100 மில்லிலிட்டர் வரம்பைத் தாண்டுவதால், அதைப் பதிவுப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். இந்தியா திரும்புபவர்கள் சுங்க வரியின்றி இரண்டு லிட்டர் வரை மதுபானம் கொண்டுவரலாம். அதாவது 750 மில்லிலிட்டர் புட்டிகள் இரண்டும், வின்சாந்தோ பெரும்பாலும் வரும் 500 மில்லிலிட்டர் சிறிய புட்டி ஒன்றும் சரியாக அந்த அளவுக்குள் அடங்கும்.